எண்ணெய்க் கறைக் குறிப்பேடு

நுழையும்முன்

காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "எத்தனை நாளாக?" என்பதே. மருந்துச் சீட்டு எழுதுவது அதன் பிறகுதான். வண்டியும் நோயாளியைப் போன்றதே. ஆனால் கேட்டால் விடை சொல்லாது. நிற்கும்போது மட்டும் தடுமாறிய ஒரு மோட்டார் சைக்கிளின் பழுதைக் கண்டறிந்த ஒரு பிற்பகலைக் குறித்தது இப்பாடம்.

1

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தப் பட்டறை இருந்தது. அதன் முன்புறம் நான்கு வண்டிகளை நெருக்கி நிறுத்தலாம். ஐந்தாவது வண்டி வந்தால், முன்னதாக நிற்கும் ஒன்று சாலைக்குப் போயாக வேண்டும். பட்டறையை நடத்தியவர் நெல்லைப் பக்கத்திலிருந்து இளமையிலேயே பிழைக்க வந்தவர். வாடிக்கையாளர்கள் அவரை 'அண்ணாச்சி' என்று அழைத்தனர். மராத்தி பேசுவோரும் இந்தி பேசுவோரும்கூட அப்படியே அழைத்தனர். அதுவே அவருடைய பெயர் என்று அவர்களுள் பலர் எண்ணியிருந்தனர். மலர்விழிக்கு அவர் தாய்மாமன்.

மலர்விழி ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். சனிக்கிழமைப் பிற்பகல்களில் பட்டறைக்கு வருவாள். அங்கே அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. மாமாவிடம் நீளமான குறிப்பேடு ஒன்று உண்டு. பழுதுபார்க்க வரும் ஒவ்வொரு வண்டியைப் பற்றியும் உடையவர் சொன்னது, மாமா சோதித்தது, கண்டது, செய்தது ஆகிய யாவும் அதில் இடம்பெறும். மாமாவின் கைகளில் எப்போதும் எண்ணெய் இருக்கும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். அப்படியும் எப்படியோ பக்கத்திற்குப் பக்கம் அவருடைய விரல் அடையாளம் பதிந்துவிடும்.

தொடக்கத்தில் அவ்வேலை அவளுக்கு எளிதாக இல்லை. வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் எழுதுவதோ பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். ரகரமும் றகரமும் அவளைக் குழப்பின. ஒருமுறை, 'பிளக்கில் கறை இருந்தது' என்பதற்குப் பதில், 'பிளக்கில் கரை இருந்தது' என்று எழுதிவிட்டாள். மாமா அதைப் படித்துவிட்டு, "ஆற்றங்கரையா, கடற்கரையா?" என்று கேட்டார். அதன் பிறகு அவள் அச்சொல்லில் பிழை செய்ததில்லை.

அக்குறிப்பேட்டில் ஒரே ஒரு பக்கம் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. அது மாமாவின் கையெழுத்து. 'உணரி பழுது என்று எண்ணிப் புதியது மாற்றினேன். பழுது உணரியில் இல்லை. அதற்கு வரும் கம்பியில் இருந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தவறு என்னுடையது.' இதை ஏன் எழுதிவைத்தீர்கள் என்று அவள் கேட்டபோது, "மற்றவை மறந்தாலும் கேடில்லை, மருமகளே, இது மறந்தால் இன்னொருவர் பணம் போகும்" என்றார் மாமா.

2

சூலை மாதத்து நடுப்பகுதி. மழை சற்றே விட்டிருந்த வேளையில் இளைஞர் ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதுகில் பெரிய பொதி சுமக்கும் பை. வீடு வீடாகப் பொருள் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். சேர்க்கும் பொதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி.

"அண்ணாச்சி, ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால்தான் தொல்லை. தானாக உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடியும் உறுமுகிறது. சில வேளை அப்படியே நின்றுவிடுகிறது. நேற்றுச் சயான் சிக்னலில் விளக்குப் பச்சையான நேரத்தில் நின்றுபோயிற்று. பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது" என்றார்.

வேறொரு பட்டறையில் புதிய ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தூய்மை செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பணம் வாங்கியும் குறை தீரவில்லை. இறுதியாக, 'மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது, அதை மாற்ற வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் விலை அவருடைய ஒரு மாத வருவாயில் பாதிக்கும் மேல். ஊரிலுள்ள தாய்க்கு அனுப்ப வைத்திருந்த பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"பெட்டியைப் பற்றி அப்புறம் பார்ப்போம், தம்பி. இது எப்போது தொடங்கியது?"

"மழைக்காலம் வந்ததிலிருந்துதான், அண்ணாச்சி. இரண்டு வாரமாகத் தூங்க முடியவில்லை."

"குளிர்ந்திருக்கும்போது உண்டா, சூடேறிய பிறகா?"

"இரண்டு வேளையும் உண்டு."

"அளவுகாட்டியில் இயந்திரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு?"

"சாவி போட்டதும் எரியும், வண்டி கிளம்பியதும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்ததில்லை."

மலர்விழி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "மாமா, பெட்ரோலில் மழைநீர் கலந்திருக்கிறது" என்றாள்.

"கலந்திருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சற்று எண்ணிப் பார்த்து, "கலந்திருக்கலாம்" என்றாள்.

"அப்படி எழுது. இடப்பக்கத்தில் எழுது."

குறிப்பேட்டின் இடப்பக்கம் ஊகங்களுக்கு உரியது. அங்கே வினைச்சொற்கள் '-லாம்' என்று முடியும். வலப்பக்கம் சோதித்து அறிந்தவற்றுக்கு உரியது. அங்கே 'இருக்கிறது', 'இல்லை' ஆகியவற்றுக்கே இடம். ஒரு சொல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்குப் போக வேண்டுமானால், நடுவில் ஒரு சோதனை நடந்திருக்க வேண்டும். இது மாமா வகுத்த முறை. மொழிப்பாடத்தில் மலர்விழி படித்த இலக்கணத்தைவிட இந்த இலக்கணம் கண்டிப்பானது.

3

ஆக்சிலேட்டரைத் திருகாதபோதும் இயந்திரம் தானே ஓடிக்கொண்டிருக்கும் நிலையைப் பட்டறைகளில் ஐடிலிங் என்பர். அந்நிலையில் சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1400 முறை சுழலும். நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரியும். ஆகவே நிமிடத்திற்கு 700 எரிதல்கள். நொடிக்கு ஏறத்தாழ 12. இந்தப் பன்னிரண்டும் ஒன்றுபோல் அமைந்தால் ஓசை சீராக இருக்கும். ஒன்று வலுத்தும் அடுத்தது நலிந்தும் எரிந்தால் வண்டி தடுமாறும். விரைந்து ஓடும்போது சுழலும் பாகங்களின் வேகமே சிறு குறைகளை மறைத்துவிடும். நிற்கும்போது மறைக்க எதுவும் இல்லை. அதனால்தான் பல பழுதுகள் முதலில் ஐடிலிங்கிலேயே தலைகாட்டுகின்றன.

பெட்ரோல் நன்றாக எரிவதற்குக் காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் சேர வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. முன்பு இக்கலவையைக் கார்புரேட்டர் அமைத்துத் தந்தது. இயந்திரம் உறிஞ்சும் காற்று, போகிற போக்கில் பெட்ரோலையும் இழுத்துச் சென்றது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது.

இம்முறையில் தொட்டிக்குள் இருக்கும் பம்ப், பல வண்டிகளில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. இன்ஜெக்டர் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. காற்றின் அழுத்தம், வெப்பம், இயந்திரத்தின் சூடு, சுழலும் வேகம் முதலியவற்றைப் பெட்டிக்குச் சொல்பவை உணரிகள். பட்டறைகளில் அவற்றைச் சென்சார் என்பர். காற்று நுழையும் குழாயில் ஆக்சிலேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடும் தகடு ஒன்று உண்டு. அத்தகடு அமைந்த பகுதியே த்ராட்டில் பாடி. ஐடிலிங்கில் தகடு ஏறத்தாழ மூடியே இருக்கும். அப்போது தேவைப்படும் சிறிதளவு காற்றை, பல வண்டிகளில், தனியான ஒரு பக்கவழி வால்வு அளந்து விடுகிறது. இயந்திரத்தின் வேகம் குறைந்தால் வால்வு சற்றுத் திறக்கும். கூடினால் சற்று மூடும்.

கார்புரேட்டர் காலத்தில் காதும் திருப்புளியும் இருந்தால் போதும். ஒரு திருகாணியைத் திருகி ஐடிலிங்கை ஏற்றலாம், இறக்கலாம். அந்தப் பழக்கம் பழைய கைகளை எளிதில் விட்டுப் போவதில்லை. புதிய வண்டிகளிலும் தகட்டைத் தாங்கும் திருகாணி ஒன்று உண்டு. அது தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. பல வண்டிகளில் அதன்மேல் வண்ணப் புள்ளி வைத்து முத்திரையிட்டிருப்பர். அதைத் திருகினால் வண்டி நிற்காமல் ஓடக்கூடும். நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

4

மாமா விலை குறைந்த சோதனைகளிலிருந்து தொடங்கினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை என்றால், பெட்டி தானே அறியக்கூடிய மின்பழுது எதையும் அது காணவில்லை என்பதே பொருள். பழுதே இல்லை என்று பொருள் அன்று. பெட்டி தன் உணரிகள் சொல்வதை மட்டுமே அறியும். ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தால் அதைச் சொல்ல உணரி கிடையாது.

அடுத்துப் பெட்ரோல். தொட்டியின் அடிப்பகுதியிலிருந்து சிறிதளவு எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அசையாமல் வைத்தார். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் ஏற்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கும். கால்மணி நேரம் கழித்தும் புட்டியில் அடுக்கு எதுவும் தோன்றவில்லை. மலர்விழி வலப்பக்கத்தில், 'பெட்ரோலில் நீர் பிரியவில்லை' என்று எழுதினாள். தன் ஊகம் பொய்த்ததில் அவளுக்குச் சற்று வருத்தம்தான்.

மின்கலம் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட் அளவில் நின்றது. இரண்டும் சரி. பிளக்கைக் கழற்றியபோது அதன் முனை வெளிறியிருந்தது. நல்ல எரிதலில் முனை இளம்பழுப்பாக இருக்கும். பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். காற்று மிகுந்தால் வெளிறும். "இது சான்று அன்று, சாடை மட்டும்" என்றார் மாமா. ஆயினும் அவருடைய பார்வை காற்று வரும் வழிக்குத் திரும்பியது.

த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. கரியால் பக்கவழி அடைபட்டால் ஐடிலிங் தடுமாறும். இதுதான் நோய் என்று மாமா உறுதியாக நம்பினார். அதைத் தூய்மை செய்து, காய்ந்த துணியால் துடைத்து, மீண்டும் பொருத்தி வண்டியைக் கிளப்பினார்.

வண்டி உறுமியது. அடங்கியது. மறுபடியும் உறுமியது.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, பெட்டியையே மாற்றிவிடலாமா? நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். மாமா விடை சொல்லவில்லை. அவர் சரி என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் அப்போதே கைமாறியிருக்கும்.

"மருமகளே, எழுதியதை முதலிலிருந்து படி."

மலர்விழி படித்தாள். மூன்றாம் வரியில் நின்றாள். அதையே மறுபடியும் படித்தாள்.

"அண்ணா, மழைக்காலம் வந்ததிலிருந்து என்று சொன்னீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்றும் சொன்னீர்கள். ஆனால் மழை தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டதே?"

இளைஞர் விழித்தார். உண்மைதான். மும்பையில் பருவமழை சூன் மாதத்திலேயே வந்துவிட்டது. முதல் மழையில் முழங்கால் நீரில் போனபோதுகூட வண்டி சிக்னல்களில் ஒழுங்காகவே நின்றிருக்கிறது. அப்படியானால் இரண்டு வாரத்திற்கு முன் என்ன நடந்தது? அவர் கைப்பேசியை எடுத்துப் பணம் செலுத்திய செய்திகளைத் தேடினார். ஒரு செய்தி கிடைத்தது. வண்டியைப் பருவப் பராமரிப்புக்கு விட்டிருக்கிறார். ஏர் ஃபில்டர் நனைந்திருந்ததால், அதன் பெட்டியையே கழற்றிக் காயவைத்து மாட்டியிருக்கிறார்கள். தொல்லை தொடங்கியது அதற்கு மறுநாள்.

"முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்" என்று மாமா சொல்லிக்கொண்டார்.

5

காற்றுப் பெட்டியைக் கழற்றும்போது அதோடு இணைந்த த்ராட்டில் பாடியும் அசையும். த்ராட்டில் பாடியையும் இயந்திரத்தையும் இணைப்பது ஒரு சிறிய ரப்பர் குழாய். வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக இருந்து இறுகிய ரப்பரை அசைத்தால் வெடிக்கலாம். வெடிப்பின் வழியே காற்று நுழையும். அக்காற்று தகட்டைக் கடந்து வந்ததும் அன்று. வால்வு அளந்து விட்டதும் அன்று. வேகம் கூடியதைக் கண்டு பெட்டி வால்வை மூடும். மூடியதும் வேகம் தாழும். தாழ்ந்ததும் மீண்டும் திறக்கும். உறுமலும் அடங்கலும் மாறி மாறி வருவதற்கு இது ஒரு காரணம் ஆகலாம்.

"ஓடும்போது மட்டும் ஏன் தொல்லை இல்லை, மாமா?" என்று மலர்விழி கேட்டாள்.

மாமா பக்கத்துக் கடையிலிருந்து வந்திருந்த தேநீரைக் காட்டினார். "இந்தக் குவளையில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினால் குடிப்பவருக்குத் தெரியும். அதே கரண்டித் தண்ணீரை ஒரு குடம் தேநீரில் ஊற்றினால்?"

"தெரியாது."

"ஐடிலிங்கில் இயந்திரம் குடிப்பது குவளைக் காற்று. ஆக்சிலேட்டரைத் திருகினால் குடக் காற்று. வெடிப்பின் வழியே வருவதோ எப்போதும் கரண்டி அளவுதான்."

அவள் அதை இடப்பக்கத்தில் எழுதினாள்: 'ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கலாம்.'

சிலர் இதைச் சோதிக்க எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பர். சூடான இயந்திரத்தின் அருகே அது ஆபத்தானது. மாமா தெளிப்பானில் வெறும் நீரை நிரப்பினார். மின்இணைப்புகளின்மேல் படாதவாறு மறைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ரப்பர் இணைப்பைச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தெளித்தார். மேல்பக்கம்: மாற்றம் இல்லை. வலப்பக்கம்: மாற்றம் இல்லை. அடிப்பக்கத்தில் தெளித்தபோது உறுமல் நின்றது. மூன்று நான்கு நொடிகள் இயந்திரம் சீராக ஓடியது. நீர் வெடிப்பை அடைத்திருந்த நேரம் அது. பிறகு பழையபடி தடுமாறத் தொடங்கியது. மாமா மறுபடியும் அங்கேயே தெளித்தார். மறுபடியும் சீரானது. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்பதால் மூன்றாம் முறையும் தெளித்துப் பார்த்தார்.

இயந்திரத்தை அணைத்து, ஆறவிட்டு, ரப்பரைக் கழற்றினார்கள். வெளிப்பார்வைக்கு அது முழுமையாக இருந்தது. மாமா அதை விரல்களால் வளைத்தார். அடிப்புறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. இளைஞர் அதைக் கையில் வாங்கி மீண்டும் மீண்டும் வளைத்துப் பார்த்தார். இரண்டு வாரமாகத் தம்மை அலைக்கழித்தது இதுதானா என்று அவரால் நம்ப முடியவில்லை.

அடுத்த தெருவின் உதிரிபாகக் கடையில் புதிய ரப்பர் கிடைத்தது. அதை மாட்டி, கிளாம்பை இறுக்கி, வண்டியைக் கிளப்பினார்கள். உறுமலும் அடங்கலும் போய்விட்டன. ஆனால் வேகம் சற்று உயர்ந்தே நின்றது. மாமா குனிந்து பார்த்தார். தகட்டைத் தாங்கும் திருகாணியின் வண்ணப் புள்ளி இரண்டாகப் பிளந்திருந்தது. வண்டி நின்றுபோவதைத் தடுக்க யாரோ அதைத் திருகியிருக்கிறார்கள். புள்ளியின் இரு பாதிகளும் சேரும்வரை அதைத் திருப்பி வைத்தார். பிறகு அந்த வண்டியின் கையேட்டில் சொல்லியபடி, பெட்டி ஐடிலிங் அளவைப் புதிதாக அறிந்துகொள்ளச் செய்தார். இந்த முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் செய்தல் கூடாது. அளவுகாட்டியின் முள் 1400க்கு அருகே வந்து அசையாமல் நின்றது.

ரப்பரின் விலையையும் தம் வேலைக்கான கூலியையும் மாமா பெற்றுக்கொண்டார். கரியைத் துடைத்ததற்கு வாங்கவில்லை. இளைஞர் பொதிப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். சந்தின் முனையில், சாலையில் சேர்வதற்காக அவர் வண்டியை நிறுத்தினார். பட்டறையில் இருந்த இருவரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஓசை சீராக இருந்தது.

மலர்விழி குறிப்பேட்டை முடிக்க உட்கார்ந்தாள். மாமா சிவப்புப் பேனாவை நீட்டினார். "த்ராட்டில் பாடிக் கரியே காரணம் என்று நம்பியது தவறு. எப்போது தொடங்கியது என்பதை நாள் கணக்கில் கேட்காததும் தவறு. இரண்டையும் எழுது" என்றார். அவள் எழுதினாள். பிறகு தானாகவே கீழே இன்னொரு வரியைச் சேர்த்தாள்: 'கலந்திருக்கிறது என்று சொன்னது மலர்விழியின் தவறு, கலந்திருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.'

மாமா அதைப் படித்துவிட்டு, "றகரம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார்.

சொல்லும் பொருளும்

உணரி – வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அறிந்து சொல்லும் கருவி, சென்சார்
ஊகம் – சோதிக்கும் முன் கொள்ளும் கருத்து
சாடை – குறிப்பு, அடையாளம்
சான்று – உண்மையை நிறுவுவது
திருப்புளி – திருகாணியைத் திருகும் கருவி
நலிந்து – வலிமை குறைந்து
பொதி – கட்டு, மூட்டை

படித்துப் பார்த்து விடை எழுதுக

1. மஞ்சள் விளக்கு எரியாததை மாமா எவ்வாறு பொருள்கொண்டார்? 'பழுதே இல்லை' என்று அவர் ஏன் கருதவில்லை?
2. மலர்விழி கண்ட முரண்பாடு எது? குறிப்பேடு இல்லாதிருந்தால் அது வெளிப்பட்டிருக்குமா? உம் கருத்தை எழுதுக.
3. ஒரே இடத்தில் மூன்று முறை நீர் தெளிக்கப்பட்டது ஏன்?
4. ஓர் இயந்திரம் ஐடிலிங்கில் நிமிடத்திற்கு 1500 முறை சுழல்கிறது. பாடத்தில் உள்ள கணக்கைப் பின்பற்றி, அதில் நொடிக்கு எத்தனை எரிதல்கள் நிகழும் என்று கண்டு எழுதுக.
5. குவளை, குடம் என்னும் உவமையை உம் சொந்த நடையில் விளக்குக. தேநீருக்குப் பதில் வேறொன்றை எடுத்துக்கொள்க.

மொழிப்பயிற்சி

அ) கீழ்க்காண்பவற்றுள் இடப்பக்கத்திற்கு உரியவை எவை, வலப்பக்கத்திற்கு உரியவை எவை? பிரித்து எழுதுக.
மின்கலம் வலுவிழந்திருக்கலாம். புட்டியில் நீர் அடுக்கு இல்லை. பிளக்கின் முனை வெளிறியிருக்கிறது. வால்வு அடைபட்டிருக்கலாம். திருகாணியின் வண்ணப் புள்ளி பிளந்திருக்கிறது.

ஆ) 'இருக்கலாம்' என முடியும் தொடர் ஒன்றை எழுதுக. அதை 'இருக்கிறது' என்று மாற்றுவதற்கு எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதையும் அதன் கீழே எழுதுக.

இ) பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைக்க.
கரை – கறை. அரை – அறை. மாரி – மாறி. இரங்கு – இறங்கு

செயல்பாடு

உங்கள் வீட்டருகே வண்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம், கைப்பேசி ஆகியவற்றுள் ஒன்றைப் பழுதுபார்ப்பவரைப் பெரியவர் ஒருவருடன் சென்று காண்க. அவர் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் மூன்று வினாக்களை எந்த மொழியில் கேட்டாரோ அந்த மொழியிலேயே குறித்துக்கொண்டு, பின்னர் தமிழில் எழுதுக. கருவிகளுக்கு அவர் சொல்லும் பெயர்களையும் அவ்வாறே எழுதி, வீட்டில் அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு அருகே எழுதுக. ஓடும் இயந்திரத்தையும் சூடான புகைக்குழாயையும் தொடாதீர்கள். மூடிய அறையில் இயந்திரத்தை ஓடவிட்டால் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே திறந்த வெளியில் நின்றே பாருங்கள்.